நரி அண்ணாந்து பார்த்த நேரம்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் கல்யாண வீடியோவும் கிடையாது. கும்பகோணத்தில் வீடியோக் கடை வைத்திருந்த சித்தப்பாவுக்கு அது வருமானம் வற்றிய மாதம். எனக்கும் அக்காவுக்கும் வருடத்திலேயே பெரிய மாதம் அதுதான். தோளில் சாய்த்துப் பிடிக்கிற அந்தப் பெரிய வி.எச்.எஸ். கேமரா, பேட்டரியும் ஒயரும் ஹாலஜன் விளக்குமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கும். "சும்மா மூடி வெச்சா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிடும். அப்பப்போ ஓட்டிக்கிட்டே இருக்கணும்" என்று அப்பாவிடம் சொல்லுவார். எங்களோடு உட்கார்ந்து படம் எடுக்க அவருக்கும் ஆசை.

1990களின் தொடக்கம் அது. நாங்கள் எடுத்தவை பொம்மைப் படங்கள். பாட்டி வடை சுட்ட கதை, குரங்கும் முதலையும், மரியாதை ராமன் வழக்குகள். காகிதத்தில் செய்த பொம்மை, போர்வையில் கட்டிய மேடை, வீட்டு மனிதர்களின் குரல். அவ்வளவுதான் முதலீடு.

இன்று அக்காவின் மகள் பொம்மைப் படம் எடுக்கிறாள். அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவளுடைய கேமரா கைப்பேசிதான். எங்களிடம் இருந்த கருவிகளில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அவளிடம் இருப்பவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் கற்பனை செய்ததில்லை. ஆனாலும் எங்கள் பழைய படத்தையும் அவளுடைய புதிய படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் மட்டும் முப்பது வருடத்தில் இம்மிகூட நகரவில்லை என்று தெரிகிறது. பொம்மை எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் வெறும் துணியாகிவிடுகிறது என்பதுதான் அது.

அந்த நாளில் பொம்மை செய்வதென்றால் முதல் வேலை காகிதம் ஊறவைப்பது. பழைய நாளிதழைக் கிழித்து அண்டாவில் போட்டு நாலைந்து நாள் ஊறவிடுவோம். தனியே ஒரு கிண்ணத்தில் வெந்தயம் ஊறும். இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் போட்டுப் பாட்டி அரைத்துக் கொடுப்பார். முறமும் கூடையும் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்து வீடுகளில் காகிதக் கூழும் வெந்தயமும் அரைத்துப் பூசுவார்கள். அதே கூழ்தான் எங்களுக்கு நரித்தலையாகவும் காக்கைத்தலையாகவும் ஆனது. ஃபியூஸ் போன பல்பின் மேல் கூழை அப்பி, மூக்கையும் தாடையையும் விரலால் இழுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் பல்பைத் தட்டி உடைத்து எடுத்துவிட வேண்டும். அந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்வார்கள். கழுத்துக்கு ஒரு போஸ்ட்கார்டைச் சுருட்டிக் குழலாக ஒட்டினால் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு இருக்கும். கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் இன்னொரு கை. உடம்புக்குத் தையற்காரர் கடையில் மிஞ்சிய துண்டுத் துணி. ஒட்டுவதற்கு மைதாப் பசை. கரப்பான் தின்னாமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்ப்பார் அப்பா.

வண்ணம் தீட்டி முடித்தால் ஒரு சங்கடம் வரும். ஹாலஜன் விளக்கு 1000 வாட். அந்த வெளிச்சத்தில் நரியின் நெற்றி பளபளவென்று மின்னி, கேமராவில் முகமே தெரியாமல் வெள்ளையாகிவிடும். சித்தப்பா பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுப்பார். முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் நெற்றி வியர்வைக்கு வைத்திருந்த அதே டப்பா. பஞ்சில் தொட்டு நரிக்கு ஒற்றிவிடுவார். மினுமினுப்பு அடங்கி, முகத்தில் மேடும் பள்ளமும் எழும்பி வரும்.

கண்ணை மட்டும் அக்கா கடைசியில்தான் வரைவாள். கோயில் சிற்பத்துக்கு ஸ்தபதி கண் திறப்பது கடைசியில்தான் என்று பாட்டி சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதைவிட நடைமுறையான காரணம் ஒன்றும் இருந்தது. கருவிழி எங்கே விழ வேண்டும் என்பது கேமரா வழியாகப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கருவிழியையும் வெள்ளைவிழியின் நட்டநடுவில் வைத்தால் பொம்மை எதையும் பார்க்காது, வெறித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் மூக்குப் பக்கமாக மயிரிழை நகர்த்தினால் சட்டென்று எதையோ பார்க்க ஆரம்பித்துவிடும். சித்தப்பா வியூஃபைண்டரில் கண் வைத்து "இன்னும் கொஞ்சம் உள்ளே... போதும்" என்பார். அக்கா தீக்குச்சி முனையில் கறுப்பைத் தொட்டு வைப்பாள்.

இப்போது அக்கா மகள் பொம்மை செய்வது ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. ஃபோம் ஷீட்டை வெட்டி, குளூ கன்னால் ஒட்டி, ஸ்டேஷனரிக் கடையில் பாக்கெட்டாக விற்கும் ஆடும் கண்களை வைத்துவிடலாம். அவள் செய்வது வாய் திறக்கும் பொம்மை. நாலு விரல் மேல்வாய், கட்டைவிரல் கீழ்வாய். எங்கள் நரிக்கு வாய் அசையாது. தலையை ஆட்டித்தான் பேசும். வாய் அசைகிற பொம்மையில் இன்னொரு வித்தை இருக்கிறது. பேசும்போது மேல்வாயைத் தூக்கக் கூடாது, தூக்கினால் பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் கூரையைப் பார்க்கும். கட்டைவிரலை மட்டும் கீழே இறக்க வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு திறக்கக் கூடாது. நெடிலுக்கு அகலமாக, குறிலுக்குச் சின்னதாக, ம், ப் வரும்போது வாய் மூடியே ஆக வேண்டும். "வாங்க மாமா" என்று ஃபோம் பொம்மை கூப்பிடும்போது அவள் கட்டைவிரல் மூன்று நெடிலுக்கும் ஆழ இறங்குவதையும், 'க'வுக்கு லேசாக அசைவதையும், ஒவ்வொரு 'மா'வுக்கும் முன்பு ஒட்டிப் பிரிவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து பழகினாளாம்.

ஆடும் கண்களை மட்டும் கொஞ்ச நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டாள். குலுக்கினால் கருவிழி நாலு பக்கமும் உருள்கிறது, எதையும் நிலையாகப் பார்ப்பதில்லை என்று காரணம் சொன்னாள். இப்போது வெள்ளைப் பொத்தானில் கறுப்பு மார்க்கரால் அவளே வரைகிறாள், மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி. அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டேன். இல்லை. கேமராவில் பார்த்து அவளாகவே கண்டுபிடித்தது.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழாவில் நாங்கள் பார்த்திருந்தது பொம்மலாட்டம். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் மரப்பொம்மைகள் பெரியவை. நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் கொண்ட பொம்மைகள் உண்டு. ஆட்டுபவர் தலையில் ஓர் இரும்பு வளையம் மாட்டியிருப்பார். பொம்மையின் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளை அசைக்கக் கம்பிகளைப் பிடித்திருப்பார். ஆகவே அவர் குனிந்தால் பொம்மை குனியும், அவர் திரும்பினால் பொம்மை திரும்பும். அவர் பார்க்காத பக்கம் பொம்மை பார்க்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆட்டுத்தோலில் வண்ணம் தீட்டி, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டும் தோல்பாவைக் கூத்து வேறு மாதிரி. அதில் ஒரே மனிதர் பாவைகளையும் ஆட்டி, இராமன் முதல் கோமாளிகளான உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் வரை எல்லாருக்கும் தானே குரல் கொடுப்பார். தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு தொடர்புள்ள, வீட்டில் மராட்டி பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் அது.

எங்கள் கூடத்தில் அந்த உயரமெல்லாம் கிடையாது. வாசற்படிக் கதவுக்குக் குறுக்கே போர்வையைக் கட்டி, அதற்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து கையைத் தூக்கிப் பிடிப்போம். ஆடிக்காற்றுக்குப் போர்வை படபடவென்று அடித்துக்கொள்ளும். ஓரத்தில் அரிவாள்மணையையும் இரும்பு உலக்கையையும் வைத்து அழுத்துவோம். பிறகு ஒரு நாள் சித்தப்பா கேமராவிலிருந்து ஓர் ஒயரை இழுத்து டிவியில் சொருகி, டிவியைத் தரையில் எங்களுக்கு எதிரே வைத்தார். அன்றிலிருந்து போர்வைக்கு வேலை குறைந்துபோயிற்று. டிவியின் நாலு விளிம்புதான் மேடை என்று புரிந்தது. விளிம்புக்குக் கீழே நாங்கள் எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம். பொம்மை விளிம்புக்குள் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதை நாங்களே பார்த்துக்கொண்டு ஆட்டலாம்.

இதையே உலகப் புகழ்பெற்ற ஒருவர் எங்களுக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்திருந்தார் என்று பின்னாளில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவின் ஜிம் ஹென்சன். 1955-ல், இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, வாஷிங்டன் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் ஐந்து நிமிட பொம்மை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியவர். அது 1961 வரை ஓடியது. பொம்மைக்கென்று தனி மேடை வேண்டாம், தொலைக்காட்சிச் சட்டமே மேடை என்று எடுத்துக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடியே ஆட்டும் முறையை வளர்த்தார். அவருடைய கெர்மிட் பிறந்ததும் வீட்டுச் சாமான்களிலிருந்துதான். அம்மாவின் பழைய கோட்டுத் துணி உடம்பானது, பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிய பாதிகள் கண்களாயின. ஆரம்பத்தில் அது தவளைகூட அல்ல. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பொம்மை, அம்மா கழித்துப்போட்ட துணியில் ஆரம்பித்தது என்பதை எந்தக் குழந்தைக்கும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

டிவியைப் பார்த்து ஆட்டுவதில் ஒரு தலைசுற்றல் உண்டு. டிவி கண்ணாடி அல்ல. கையை வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் பொம்மை இடப்பக்கம் போகும். முதலில் நரியும் காக்கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடும். பழகப் பழகக் கை தானே திருத்திக்கொள்ளும். அக்கா மகளின் கைப்பேசியில் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிகிற படியே பிம்பத்தைத் திருப்பிக் காட்டிவிடுகிறது. அவளுக்கு அந்தப் பயிற்சி தேவையே படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய கருவி பிள்ளைகளுக்குச் செய்திருப்பது பெரிய உதவி. ஐந்து வயதுக் குழந்தைகூட தன் பொம்மையைத் தானே பார்த்து உடனே ஆட்டத் தொடங்கிவிடுகிறது.

இனி, நான் சொல்ல வந்த இடம்.

எங்களுக்கு எடிட்டிங் என்று ஒன்று கிடையாது. கேமராவில் என்ன வரிசையில் எடுக்கிறோமோ அதே வரிசைதான் படம். நாடாவை வெட்டி ஒட்ட முடியாது. ஒரு காட்சி முடிந்ததும் நிறுத்த வேண்டும், அடுத்த காட்சிக்குத் தயாரானதும் மறுபடி ஓட்ட வேண்டும். நிறுத்தியபோதெல்லாம் கேமரா ஒரு காரியம் செய்யும். அடுத்த காட்சி பிசிறில்லாமல் ஒட்டுவதற்காக நாடாவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்திக்கொள்ளும். புதிய காட்சி பழைய காட்சியின் வாலின் மேல் ஏறிப் பதிவாகும். வசனம் முடிந்த கையோடு நிறுத்தினால் கடைசிச் சொல் காணாமல் போய்விடும். அதனால் சித்தப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார்: "பேசி முடிச்சதும் கையைக் கீழே போடாத. பொம்மை அப்படியே நிக்கட்டும். மனசுக்குள்ள மூணு எண்ணு."

கேசட் 180 நிமிடம் ஓடும். ஆனால் புது கேசட் எங்களுக்குக் கிடைக்காது. கல்யாண வேலையில் கழித்துப்போட்ட கேசட்தான். அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தால் பதிவாகாது. அந்தக் குழியில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும். பேட்டரி சார்ஜ் குறைந்துகொண்டே வரும். விளக்குச் சூட்டில் கூடம் கொதிக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். இதற்கெல்லாம் நடுவில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கேமரா வருவதற்கு வாரக்கணக்கில் முன்பிருந்தே ஒத்திகை நடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் ஒத்திகை, விளக்கு வைத்த பிறகு கூடத்தில் ஒத்திகை. வெறுங்கையை நீட்டி விரலை வளைத்து, அதையே நரியாகவும் காக்கையாகவும் வைத்துப் பழகுவோம்.

சித்தப்பாவின் மூன்று எண்ணிக்கை கேசட்டின் வாலைக் காப்பாற்றுவதற்காக வந்தது. அது படத்துக்குள் செய்த காரியம் வேறு. நரி காக்கையைப் பார்த்து, உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடு என்று கேட்கிறது. கேட்டு முடித்ததும் நான் கையை அசைக்காமல் மனதுக்குள் எண்ணுகிறேன். திரையில் நரி அண்ணாந்து காக்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. காக்கையின் வாயில் உண்மையான உளுந்துவடை, காலையில் அம்மா சுட்டது, விளக்கில் எண்ணெய் மினுங்குகிறது. நரி பேசவில்லை, ஆடவில்லை. ஆனால் அதற்குள் ஏதோ ஓடுகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டபோது, சிரிப்பும் சலசலப்புமாக இருந்த கூட்டம் அந்த இடத்தில் மட்டும் அடங்கியது. எல்லாருக்கும் கதை தெரியும், வடை விழப்போகிறது என்பதும் தெரியும். இருந்தும் காத்திருந்தார்கள். பேசும்போது பொம்மைக்கு நாம் குரல் கொடுக்கிறோம். பேசாமல் பார்க்கும்போதுதான் அதற்கு மனது இருப்பதாகப் பார்ப்பவர்கள் நம்புகிறார்கள்.

அக்கா மகள் பொம்மைப் படம் எடுக்கத் தொடங்கியது 2020-ல். மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல். அரசின் கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பானாலும், தன் வகுப்புப் பிள்ளைகள் தன் குரலை மறந்துவிடக் கூடாது என்று இவளுக்கு ஒரு தவிப்பு. பிள்ளைகள் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்டு இரவில்தான் திரும்பக் கொண்டுவருவார். டேட்டாவும் அளவுதான். அன்று வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 16 எம்.பி.க்கு மேல் வீடியோ போகாது. எங்களுக்குக் கேசட்டும் பேட்டரியும் வைத்த எல்லையை அவளுக்கு அந்த 16 எம்.பி. வைத்தது.

அதற்குள் அடங்குவதற்காக அவள் படத்தை வெட்டினாள். கைப்பேசிச் செயலிகளில் ஒரு வசதி இருக்கிறது. பேச்சில்லாத இடங்களையெல்லாம் தானாகக் கண்டுபிடித்து நீக்கிவிடும். அழுத்தினால் மூன்றரை நிமிடப் படம் இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். படம் விறுவிறுப்பாக இருக்கும், ஒரு நொடிகூட வீணாகாது. அப்படி வெட்டிய படத்தில் அணில் பொம்மை கேள்வி கேட்ட வேகத்தில் பதிலும் சொல்லிவிடுகிறது. "ரெண்டும் மூணும் எத்தனை? அஞ்சு!" மூச்சே விடுவதில்லை.

அவள் வீட்டு மாடியில் அதே கணக்குப் படத்தை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினாள். வெட்டிய படத்தைப் பக்கத்து வீட்டுச் சிறுமி சிரித்தபடி பார்த்தாள். வெட்டாத படத்தில் அணில் கேள்வி கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேமராவையே பார்த்தது. சிறுமி இரண்டு கை விரல்களையும் நீட்டி எண்ணினாள். "அஞ்சு" என்று அணிலிடம் சொன்னாள். அப்புறம்தான் அணில் தலையாட்டியது. அன்றைக்கு அக்கா மகள் அந்தச் செயலியின் வசதியை அணைத்தவள்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. படத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் கேள்விகளைக் குறைக்கிறாள், காத்திருப்பைக் குறைப்பதில்லை.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சியில் இதை அறிந்து செய்தவர்கள் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'புளூஸ் குளூஸ்' நிகழ்ச்சியில் தொகுப்பாளர் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் குழந்தை பதில் சொல்லட்டும் என்று கேமராவைப் பார்த்தபடி காத்திருப்பார். பெரியவர்களுக்கு அது ஏதோ தடங்கல் என்று தோன்றும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதுதான் தன் முறை. தொலைக்காட்சிக்குள் இருப்பவர் தன்னோடு பேசுகிறார் என்று குழந்தை நினைப்பது அந்த மௌனத்தில்தான்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் முழுக்க எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும். கேமராவின் மைக் எங்கள் வசனத்தைவிட அந்தப் பாட்டைத்தான் தெளிவாகப் பிடிக்கும். அதனால் படத்தைப் பகலில் எடுத்துவிட்டு, கோயில் நடை சாத்தி ஊர் அடங்கிய பிறகு, வீடியோ டெக்கில் இருந்த 'ஆடியோ டப்' பொத்தானை அழுத்திக் குரலைத் தனியாகப் பதிவு செய்வோம். படம் அப்படியே இருக்கும், ஒலி மட்டும் அழிந்து புதிதாக ஏறும். பாட்டிக்குப் பாட்டிதான் குரல் கொடுத்தார். மைக்கைக் கண்டு கூச்சப்படாமல், அடுப்படியில் பேசுவது எப்படியோ அப்படியே "ஏன்டா, வடையை வெச்சிட்டு இந்தாண்ட திரும்பறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்த வசனத்தில் அது கிடையாது. படத்தில் எல்லாருக்கும் பிடித்தது அந்த இடம்தான்.

இன்று குரலை மாற்றுவதற்கும் செயலி இருக்கிறது. ஒரு தடவை தட்டினால் கீச்சுக்குரல், இன்னொரு தடவை தட்டினால் பூதக்குரல். எழுதிக் கொடுத்தால் இயந்திரமே பேசியும் விடுகிறது. வீட்டில் எடுக்கும் பொம்மைப் படத்துக்கு அது வேண்டாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தோல்பாவைக் கூத்துக்காரர் ஒரே தொண்டையில் இராமனையும் இராவணனையும் கோமாளியையும் கொண்டுவருகிறார். ஒரு குழந்தை தன் தொண்டையை இறுக்கிக் காக்கையாகப் பேச முயலும்போது, காக்கை எப்படி யோசிக்கும் என்றும் சேர்த்து யோசிக்கிறது. கூச்சம் உள்ள பிள்ளைகள் பொம்மைக்குப் பின்னால் நின்று பேசத் தொடங்குவதை அக்கா மகள் வகுப்பில் தினமும் பார்க்கிறாள். தன் பெயரைச் சொல்லவே தயங்கும் பையன், கையில் முதலை ஏறியதும் வகுப்பையே அதட்டுகிறான். அந்த அதட்டல் அவன் குரலில் வந்தால்தான் அவனுடையது.

சென்ற ஆண்டு அவள் பள்ளிக்குப் பொம்மலாட்டக் கலைஞர் ஒருவரை அழைத்தாள். வயதானவர். பிள்ளைகளுக்கு ஆட்டிக் காட்டிய பிறகு, ஆசிரியர் அறையில் அவளுடைய படங்களைக் கைப்பேசியில் பார்த்தார். நானும் அங்கே இருந்தேன். அணிலும் கிளியும் பேசிக்கொள்ளும் காட்சி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். கிளியைச் சுட்டிக்காட்டினார். "அணில் பேசறப்போ கிளி செத்துப்போச்சு பாரும்மா. கேக்கணும்ல? பேசறவனை ஆட்டறது சுலபம். கேக்கறவனை ஆட்டறதுதான் தொழில்."

அவர் வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு காட்டினார். வள்ளி பேசுகிறாள். முருகன் பேசவில்லை. ஆட்டுபவரின் தலை மெல்லச் சாய்ந்து வள்ளியைக் கவனித்தது, முருகனின் தலையும் அதே அளவு சாய்ந்தது. அவர் மூச்சை இழுத்தபோது கயிறு வழியாக முருகனின் தோள் ஏறியது. 10 கிலோ மரம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் நரி நின்றதும், அணில் காத்திருந்ததும், முருகன் கேட்டதும் ஒரே பாடம். அவர் அதைத் தாத்தாவிடம் அடி வாங்கிக் கற்றாராம். எங்களுக்கு ஒரு கேசட் கேமரா கற்றுக்கொடுத்தது. அக்கா மகளுக்கு ஒரு சிறுமி கற்றுக்கொடுத்தாள்.

எது நிலைக்கும், எது அழியும் என்று அன்று நாங்கள் போட்ட கணக்கைக் காலம் தலைகீழாக்கிவிட்டது. கேசட்டைத்தான் பொக்கிஷமாக நினைத்தோம். துணி சுற்றிப் பீரோவில் வைத்தோம். பொம்மைகளைப் பரணில் ஒரு சாக்கில் போட்டு வைத்தோம். காவிரிப் பக்கத்து ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை ஏறிவிட்டது. டெக் வாங்கலாம் என்றால் புதிதாகக் கிடைப்பதில்லை. உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் போட்டால் டெக்கின் ஹெட்டும் கெட்டு, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். தெரிந்த ஒருவர் பொறுமையாகச் சுத்தம் செய்து, முடிந்தவரை கணினிக்கு மாற்றித் தந்தார். படம் பல இடங்களில் கோடு கோடாக இருக்கிறது. பாட்டியின் குரல் முழுசாக இருக்கிறது. பரணில் கிடந்த நரிக்கோ ஒன்றும் ஆகவில்லை. காதோரம் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய பேப்பரும் வெந்தயமும் சேர்ந்து முப்பது ஆடிக்காற்றைத் தாங்கிவிட்டன. அந்த நரி இப்போது அக்கா மகளின் வகுப்பு அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகள் கையில் மாட்டிப் பார்க்கிறார்கள்.

ஆகவே இன்று வீட்டில் பிள்ளைகளோடு பொம்மைப் படம் எடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பொம்மையை வாங்காதீர்கள், செய்யுங்கள். கழித்த காலுறையும் பழைய பேப்பரும் போதும். கைப்பேசியை எடுப்பதற்கு முன் நாலு நாளாவது வெறுங்கையோடு ஒத்திகை பாருங்கள். எங்களுக்கு வசதியின்மை அந்த ஒத்திகையைக் கட்டாயமாக்கியது, உங்களுக்கு அதை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, நீங்களாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டியின் குரலைப் படத்தில் சேருங்கள், வசனத்தை விட்டு அவர்கள் விலகினால் விலகட்டும். எடுத்த படத்தைக் கைப்பேசியில் மட்டும் விட்டுவைக்காமல் இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், யார் குரல், எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பேசாத பொம்மையையும் ஆட்டுங்கள். பேசி முடித்த பிறகு வரும் மூன்று எண்ணிக்கையை வெட்டாதீர்கள்.

இன்னொன்று. பொம்மலாட்டக்காரரோ தோல்பாவைக் கூத்துக்காரரோ ஊருக்கு வந்தால், முப்பது விநாடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பிள்ளைகளை முன் வரிசையில் உட்காரவைத்து முழுக்கதையும் பாருங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவரை அழையுங்கள். அவருக்கான தொகையை முன்னதாகவே பேசி, கௌரவமாகக் கையில் கொடுங்கள். கேட்கிற பொம்மையை எப்படி ஆட்டுவது என்று சொல்லித்தர அவரைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.